ஐரீனாவுக்குத் தெரு கிடையாது

வேலை கேட்டு ஒரு பெண் வந்து நின்றால் அந்த அம்மா முதலில் முகத்தைப் பார்ப்பாள், பிறகு கையைப் பார்ப்பாள், பிறகு போனை எடுப்பாள். பெயர் தேடுவதற்கு. அவளிடம் சேர்ந்த எந்தப் பெண்ணும் வீட்டில் வைத்த பெயரோடு மூன்று நாளைத் தாண்டியதில்லை.

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்பக்கம், ஒரு மருந்துக் கடையின் மாடியில் அவளுடைய பார்லர் இருந்தது. நான் அங்கே ஒன்பது வருஷம் வேலை செய்தேன். 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அவளுடைய பெயரையும் எழுதப்போவதில்லை. நாங்கள் மேடம் என்று கூப்பிட்டோம், இங்கேயும் மேடம்தான்.

குள்ளமான உருவம். கஞ்சி போட்ட காட்டன் புடவை. ஊரில் உள்ள முகத்துக்கெல்லாம் இத்தனை டப்பா திறந்து பூசுகிறவள், தன் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் தவிர ஒன்றும் போட மாட்டாள். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே கடை முழுக்கத் தேடுவாள். ஆனால் கல்யாணப் பெண்ணின் நெற்றியில் பொட்டு ஒரு நூல் விலகியிருந்தால் வாசலில் இருந்தே கத்துவாள்.

பெயர் வைப்பது அவளுக்கு ஒரு வியாதி. பார்லரில் வேலை செய்பவர்களோடு நிற்கவில்லை. வாசலில் ஆட்டோ போடும் ஏழுமலை அண்ணன் 'விக்கி' ஆனார். "இன்னா சொல்றது போ, என் பொண்டாட்டியே இப்போ விக்கின்னு கூப்டுறா. பேஜாரா கீது," என்று சிரிப்பார். அவருக்கு அது சிரிப்பு. சாயந்திரம் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனால் அவர் ஏழுமலைதான்.

நான் சேர்ந்த நாள் இப்படித்தான் நடந்தது.

"உன் பேரு என்னம்மா?"

"குப்பம்மாள்."

மேடம் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "வீட்ல சும்மா கூப்பிடற பேரா?"

"ரேஷன் கார்டுலயும் அதான் மேடம்."

முடி வெட்டிக்கொண்டிருந்த ரியா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் ரியா இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

மேடம் போனில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். ஒரு பெயரைப் போட்டால் அதற்கு என்ன பொருள், எந்த மொழியில் இருந்து வந்தது, எந்த நாட்டில் நிறைய வைக்கிறார்கள் என்றெல்லாம் அது சொல்லும். என் எதிரிலேயே என் பெயரை அடித்துப் பார்த்தாள். அப்படி ஒரு பெயர் தன்னிடம் இல்லை என்றது அது.

"பாத்தியா? இன்டர்நெட்லயே இல்ல." கையில் போனோடு இன்னும் கொஞ்சம் தேடுவது போல விரலை ஓட்டினாள். "இது பாரு. ஐரீனா. கிரேக்கப் பேரு. ரஷ்யாவுல நிறைய, நம்ம பக்கம் ரொம்ப அபூர்வம். அர்த்தம் என்ன தெரியுமா? சமாதானம்."

"நான் சண்டைக்காரி மேடம்."

"அதுக்குத்தான் வைக்கிறேன்."

மறுநாளே பெயர் பொறித்த பேட்ஜ் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதன் ஊசியில் லேசாகத் துருப் பிடித்திருந்ததையும் பார்த்தேன். அதையும் கேட்கவில்லை.

பேட்ஜைக் குத்திவிட்டபடியே மேடம் ஒன்று சொன்னாள். "குப்பம்மான்னு சொன்னா, அடுத்த கேள்வி எந்த ஊரும்பாங்க. அதுக்கு அடுத்தது எந்தத் தெரும்பாங்க. தெரு தெரிஞ்சுபோச்சுன்னா உன் கை அவங்க மூஞ்சி மேல படக்கூடாது. ஐரீனாவுக்குத் தெரு கிடையாது கண்ணு."

அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நான் அன்றைக்கே மாடி இறங்கியிருப்பேன். பொய் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் என் வயிறு எரிவது அதனால்தான்.

என் அம்மா மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். புதுப் பெயரைச் சொன்னதும் கையில் இருந்த சோற்றுக் கரண்டியோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"இன்னாடி பண்ணிட்டு வந்துகீறே? அந்தப் பேரை வெச்சுதான்டி உன்ன உசுரோட வெச்சுகினு கீறேன்!"

எனக்கு முன்னால் அவளுக்கு மூன்று பிள்ளைகள். இரண்டு ஆண், ஒரு பெண். ஒன்றும் ஒரு மாதம் தாண்டவில்லை. நான் பிறந்ததும் ஊர் வழக்கப்படி என்னை ஒரு முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். எதிர் வீட்டுக்காரி எதேச்சையாக வருவதுபோல வந்து, "ஐயையோ, குப்பையில யாரோ புள்ளையப் போட்டுட்டுப் போய்ட்டாங்க, யாருக்கு வேணும்?" என்று கூவினாள். என் அம்மா ஒரு படி தவிட்டைக் கொடுத்து என்னை வாங்கிக்கொண்டாள். எமன் நல்ல பிள்ளையைத்தான் தூக்குவான், குப்பையில் கிடந்ததை, தவிட்டுக்கு வாங்கியதைத் தொட மாட்டான் என்று கணக்கு. குப்பம்மாள் என்றால் அதுதான் பொருள். மூன்று பிள்ளைகளைப் புதைத்த ஒருத்தி நாலாவதைக் காப்பாற்ற எமனிடம் சொன்ன பொய். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காலத்தில் ஊருக்கு நாலைந்து குப்பம்மாள் இருந்தார்கள், ஆண்களில் குப்பன், குப்புசாமி என்று அதைவிட அதிகம். என் பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்திதான். எனக்குப் பிறகு யாருக்கும் அந்தப் பெயர் வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. அபூர்வம் அபூர்வம் என்று மேடம் தேடினாளே, அவள் எதிரில் நின்றதைவிட அபூர்வமான பெயர் எது?

ஆனால் நான் ஐரீனாவாக இருந்தேன். நன்றாகவே இருந்தேன். மணப்பெண் அலங்காரம் எனக்கு ஒன்றரை வருஷத்தில் கைக்கு வந்துவிட்டது. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று மண்டபம் மண்டபமாகப் போனேன். டிசம்பரில் வாடிக்கையாளர்கள் கேக் கொண்டுவந்து கொடுத்து, "ஹாப்பி கிறிஸ்மஸ் ஐரீனா," என்பார்கள். வாங்கிக்கொள்வேன். எந்தச் சர்ச் என்று கேட்பவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு ஊரைச் சொன்னேன். எங்கள் அம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றப் போகும்போது என்னைக் கேட்கும் வாடிக்கையாளர்களிடம் மேடம் சொன்ன காரணம், "ஐரீனா வேளாங்கண்ணி போயிருக்கா."

மேடம் எனக்கு நல்லது செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஒரு ரிசெப்ஷனில் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு யாரு, என்ன ஆளுங்க?" என்று கேட்டாள். பெண்ணின் முகத்தில் பாதி வேலை முடிந்திருந்தது. மேடம் என் கையில் இருந்த பிரஷ்ஷை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். "இவ ஐரீனா. இவ தொட்டாதான் மேக்கப். பிடிக்கலைன்னா பாதி மூஞ்சியோட மேடை ஏறட்டும்," என்றாள். அத்தை ஓடியே போனாள். அன்றைக்கு மேடத்தின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

யோசித்துப் பார்த்தால், அவள் காப்பாற்றியது ஐரீனாவை.

இரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம். மேடம் பேங்குக்குப் போயிருந்தாள். கொஞ்சம் பருமனான ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், மூச்சு வாங்க மாடி ஏறி வந்து கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்க ஐரீனா யாரு?"

"நான்தான். சொல்லுங்க."

அவள் என் பேட்ஜையே பார்த்தாள். "பின்னு குத்துதா? இடது பக்கம் லூசா இருக்கும். நானும் ஆறு வருஷம் குத்திக்கினேன்."

ரியா ஷாம்பு அலசும் சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

"குழந்தை பொறந்துச்சுன்னு நின்னேன். இப்போ வீட்லயே பண்ணலாம்னு கீறேன்," என்றாள் அவள். "என் கஸ்டமருங்க யாராச்சும் என்னக் கேட்டாங்களா?"

அந்த வாரம் மட்டும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். 'ஐரீனா கொஞ்சம் குண்டா இருப்பாங்களே' என்று ஒருத்தி சந்தேகப்பட்டதற்கு, 'இளைச்சுட்டேன் மேடம்' என்று நான் சிரித்திருந்தேன்.

"யாரும் கேக்கலைங்க," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள். உங்கள் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு வரை அவள் பெயர் எனக்குத் தெரியாது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மேடம் திரும்பி வந்ததும், எனக்கு முன்னால் ஒரு ஐரீனா இருந்தாளாமே என்று கேட்டேன். அவள் முகம் மாறவே இல்லை.

"இருந்தா. அதுக்கென்ன? பழைய கஸ்டமரு யாராச்சும் கேட்டா நானேதான்னு சொல்லிடு. சேர்ல ஆளு மாறும், சேரு மாறுமா?"

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பெயர் எனக்காகத் தேடப்பட்டது இல்லை. மணப்பெண் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவள் ஐரீனா. முடி வெட்டுபவள் ரியா. முகத்துக்கு ஷைனா. போனைக் காட்டிப் பொருள் படித்தது, விரலை ஓட்டியது எல்லாம் நாடகம். ஒவ்வொருத்திக்கும் அதே நாடகம்.

அதற்கடுத்த வருஷம் எனக்குக் குடல்வால் வீங்கி, வேலை செய்துகொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தேன். மேடம் என்னை விக்கியின் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனாள். ஆபரேஷன் முடியும் வரை வராந்தாவை விட்டு நகரவில்லை, பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து என் அம்மாவுக்குத் தகவலும் சொன்னாள்.

அம்மா மின்சார ரயிலைப் பிடித்து வந்து, வரவேற்பு மேசையில் குப்பம்மாள் எங்கே என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெயரில் யாரும் சேரவில்லை என்றார்கள். மேடம் பதிவு செய்திருந்தது ஐரீனா என்று; அந்தப் பெயர் அம்மாவின் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. நல்லாப் பாரும்மா, நல்லாப் பாரும்மா என்று அம்மா மூன்று முறை கேட்டிருக்கிறாள். அவர்களும் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் வாசல் படியில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். நான் செத்துவிட்டேன் என்று நினைத்தாள். வேறு என்ன நினைப்பாள்? பெயரை மாற்றாதே என்று ஏற்கெனவே தலைதலையாக அடித்துக்கொண்டவள். நாலாவதும் போயிற்று என்று முடிவு செய்து, என் பெயரைச் சொல்லிச் சொல்லி ஒப்பாரி வைத்தாள்.

சத்தம் கேட்டு மேடம் கீழே வந்தாள். "யாரும்மா நீங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

"எம் பொண்ணு குப்பம்மா..."

விக்கி அண்ணன்தான் முதலில் புரிந்துகொண்டார். "மேடம், நம்ம ஐரீனாவோட அம்மா மேடம்!"

மேடம் என் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். எல்லாம் உண்மையான அழுகை. ஆனால் நோட்டில் இருந்த பெயரைத் திருத்தச் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஐரீனா என்றே இருந்தது. அம்மா அதை அடுப்பில் போட்டாள்.

அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அங்கே இருந்தேன். ஏன் இருந்தாய் என்று கேட்பவர்கள் எனக்கு வேறு இடத்தில் வேலை வாங்கித் தந்திருக்கலாம். கடைசியில் கூடுவாஞ்சேரியில் ஒரு அறை கிடைத்தது. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி. சொந்தமாகச் செய்யப்போகிறேன் என்று மேடத்திடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று பயந்தேன். படவில்லை.

"நல்லது. போ," என்றாள். "பேட்ஜை வச்சுட்டுப் போ."

பேட்ஜைக் கழற்றினேன். வாடிக்கையாளர் எண்கள் இருந்த போனும் கடையுடையது. நான் அலங்காரம் செய்த பெண்களின் படங்கள் எல்லாம் கடையின் இணையப் பக்கத்தில், 'ஐரீனாவின் கைவண்ணம்' என்ற தலைப்பில் இருந்தன.

"என் படத்தையாவது எடுத்துக்கறேன் மேடம். நான் பண்ணது."

"ஐரீனா பண்ணது கண்ணு. பேரு கடையோடது." சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தட்டினாள்.

இரண்டு மாதம் என் அறைக்கு ஈ காக்கை வரவில்லை. குப்பம்மாள் யார் என்று யாருக்குத் தெரியும்? ஒன்பது வருஷ வேலையில் ஒரு முகம்கூட என் பெயரில் இல்லை. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் அறையைக் காலி செய்துவிட்டு, அம்மா வேலை செய்யும் கேன்டீனுக்கே நானும் போக வேண்டியதுதான். அப்போதுதான் ஊரப்பாக்கத்து டீச்சர் ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய பெரிய பெண்ணுக்கு நான்தான் அலங்காரம். சின்னவளுக்கும் நீதான் வரணும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தார்கள். வீடு தெரியும். ஒரு சனிக்கிழமை காலை நேராகப் போய்க் கதவைத் தட்டினேன்.

"அட, ஐரீனா! வா வா," என்றார்கள் டீச்சர். "என்ன இவ்வளவு தூரம்? நேத்துதானே போன்ல பேசினோம், அடுத்த ஞாயிறு ரிசெப்ஷனுக்கு?"

"நேத்து பேசினது நான் இல்ல டீச்சர்."

எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் நம்பவில்லை. நம்பாததற்கு அவர்கள் மேல் தப்பில்லை. கதை போலத்தான் இருக்கும். சோபாவில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பார்லருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்கள். சின்னப் பெண்ணும் உள்ளே இருந்து வந்து நின்றாள்.

"வணக்கம் மேடம், ஐரீனா பேசறேன்," என்றது ஒரு குரல்.

டீச்சர் என்னைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாக, "ஏம்மா, பெரியவ கல்யாணத்துக்கும் நீதானே பண்ணே?" என்று கேட்டார்கள்.

"ஆமா மேடம், நானேதான். அக்கா நல்லா இருக்காங்களா?"

இந்தப் பதில் அவளாகச் சொல்வது இல்லை. எனக்குச் சொல்லித் தந்ததுபோல அவளுக்கும் மேடம் சொல்லித் தந்திருக்கிறாள். நான் போனை வாங்கினேன்.

"உன் பேரு என்னம்மா?"

"ஐரீனா."

"அது பேட்ஜ்ல இருக்கறது. உன் அம்மா வச்ச பேரு என்ன?"

அந்தப் பக்கம் ஹேர் டிரையர் ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு போன் கை மாறியது.

"யாரு லைன்ல?" மேடம்.

"நான்தான் மேடம். குப்பம்மா."

"எந்தக் குப்பம்மா?"

அவள் நடிக்கவில்லை. நடிக்கும்போது அவள் 'கண்ணு' என்பாள், அது எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் குரலை வைத்துக் கண்டுபிடித்திருப்பாள். அந்தப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க அவளிடம் எதுவும் இல்லை. நர்சிங் ஹோம் வாசலில் என் அம்மா அதைக் கத்திக் கத்திச் சொன்னதை இவள்தான் பக்கத்தில் நின்று கேட்டாள். அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். எந்தக் குப்பம்மா.

நான் போனை வைத்தேன்.

டீச்சர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். "ஒம்பது வருஷமா அங்க இருந்தே?" என்றார்கள். தலையாட்டினேன்.

"அம்மா, இவங்களே பண்ணட்டும்மா," என்றாள் சின்னப் பெண். "அக்கா போட்டோவுல இருக்கறது இவங்க கைதானே."

"பண்ணட்டும், பண்ணட்டும். அங்க நான் வேண்டாம்னு சொல்லிடறேன்." டீச்சர் தன் போனை எடுத்தார்கள். "உன் நம்பரைச் சொல்லு. என்னன்னு போட்டுக்கட்டும்? பழைய ஐரீனான்னு போடட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் கையில் இருந்து போனை நானே வாங்கினேன். மரியாதை இல்லைதான். என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்து, எண்ணைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"டீச்சர், வேலைக்கு வரேன். ஆனா மண்டபத்துல நாலு பேருக்கு முன்னாடி இந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். சம்பந்தி வீட்டுக்காரங்க கேட்டாலும் இதான். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

டீச்சர் திரையைப் பார்த்தார்கள். பிறகு திறந்திருந்த வாசல் கதவைப் பார்த்தார்கள். எதிர் வீட்டுக் கதவும் திறந்துதான் கிடந்தது. குரலை இறக்கி, உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார்கள்.

"குப்பம்மாள்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா, டீச்சர்," என்றேன்.